புத்தூர்க் கட்டும் பப்பாளிப் பந்தும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சித்தூரில் எலும்பு டாக்டரம்மா ஒருவர் இதற்குச் சாட்சி. போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஓடுகிற பைக்கிலிருந்து விழுந்தால் அதில் ஒரு கௌரவம் உண்டு. நான் விழுந்தது ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த பைக்கிலிருந்து. மாவுக்கட்டுப் போட்டு ஒரு வாரம் ஆனதும் ஆஸ்பத்திரிக்குப் போய், "மேடம், இதப் பிரிச்சிடுங்க, எலும்பு கூடியிருக்கும்" என்றேன். அவர் சிரித்தார். நான் விடவில்லை. எங்கள் அத்தைக்கு இதே மணிக்கட்டு உடைந்தது, புத்தூரில் கட்டுப் போட்டோம், ஒரு வாரத்தில் பிரித்துப் போட்டுவிட்டு நேராகப் போய் இந்தியாவுக்காக ரக்பி ஆடினாள் என்று, எலும்பு படித்த டாக்டருக்கே எலும்பைப் பற்றி வகுப்பெடுத்தேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள்கூடக் கதவோரம் வந்து கேட்டார்கள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா உங்க அத்தைக்கு எலும்பு உடைஞ்சே இருக்காது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஏனென்றால் அந்த எலும்பை உடைத்தவனே நான்தான்.

அத்தை என்றால் நைனாவின், அதாவது அப்பாவின், தங்கை. புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பள்ளிக்கூட நாளிலேயே அவள் கபடிக்குப் பேர் போனவள். டிகிரி படிக்கத் திருப்பதிக்குப் போனபோது, காலேஜ் பி.இ.டி. சார் கபடிப் பெண்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, ஒரு பந்தைக் கையில் கொடுத்திருக்கிறார். அதன்மேல் யாரோ தவறி உட்கார்ந்துவிட்டார்கள் என்றுதான் அத்தை முதலில் நினைத்தாளாம். பிறகுதான் அந்தப் பந்தின் பிறவியே அப்படி என்று தெரிந்தது. அதோடு தொற்றிக்கொண்டது. மாவட்டம், மாநிலம் என்று ஆடி, கடைசியில் இந்திய அணிக்கும் கூப்பிட்டார்கள்.

லீவுக்கு வரும்போது பந்தையும் கூடவே கொண்டுவருவாள். பழுக்காத பப்பாளி மாதிரி இருக்கும். கீழே போட்டால் நேராக எழும்பாது. ஒருமுறை மாட்டுத் தொட்டிக்குள் போகும், மறுமுறை என் மூக்குக்கு வரும். ஆட்டம் என்ன என்று ஊர்க்காரர்கள் தாத்தாவைத்தான் கேட்பார்கள். தாத்தா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"கபடிதான். ஆனா ஒரு பந்து கீது. பந்த வெச்சிக்கினு இருக்கறவள எல்லாரும் சேந்து கட்டிப் புடிச்சிக் கீழ தள்றாங்க. அப்புறம் கைகொடுத்துத் தூக்கி வுடறாங்க. எதுக்குத் தள்ளணும், எதுக்குத் தூக்கணும்னு எனக்கும் வெளங்கல."

எனக்கு வேறொன்று விளங்கவில்லை. பந்தோடு முன்னால் ஓட வேண்டும். ஆனால் கையால் தூக்கிப் போடுவதென்றால் பின்னால் வருகிறவளுக்குத்தான் போட வேண்டும். முன்னால் போட்டால் தப்பு.

"போவ வேண்டிய இடம் முன்னால கீது. பந்து மட்டும் பின்னால போனா எப்படி அத்தே?"

"பந்து பின்னால போவும். நாம முன்னால போவணும்."

இதை நான் நன்றாக யோசித்தேன். யோசித்து, பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கொடுத்த அவித்த முட்டையைப் பின்னால் இருந்தவனுக்குப் பாஸ் செய்துவிட்டு முன்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது முட்டையும் இல்லை, அவனும் இல்லை. அத்தை சொன்ன ஆட்டத்தில் ஏதோ ஒரு விதி விட்டுப்போயிருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

நான் மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்த கோடையில் அத்தைக்கு போன் வந்தது. வெளிநாட்டில் ஒரு போட்டி. அதற்கு முன்னால் புனேயில் கேம்ப். அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்கு. அதே சமயத்தில் தாத்தா சத்தியவேட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லியிருந்தார். தூரத்து உறவு, நல்ல நிலபுலம். தாம்பூலம் மாற்றிக்கொண்டுவிடலாம் என்று பேச்சு.

"நிச்சியம் ஆவட்டும். அப்புறம் அவங்க வுட்டா போ" என்றார் தாத்தா.

"அவங்க எதுக்கு நைனா என்ன வுடணும்?" என்று அத்தை கேட்டாள். அவள் தாத்தாவை நைனா என்பாள், நான் என் நைனாவை நைனா என்பேன்; அந்த வீட்டில் இரண்டு நைனா இருந்ததே எனக்கு ஒரு தனிக் குழப்பம். பெரிய நைனா மோட்டார் போடப் போய்விட்டார். சின்ன நைனா மாங்காய் லோடோடு பங்காருபாளையம் மண்டியில் இருந்தார். அம்மா மட்டும், "ஏன் பாப்பா, ஒரு தடவ போவலன்னாதான் இன்னா?" என்றாள். அத்தை பந்தை எடுத்துக்கொண்டு மாந்தோப்புக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பந்து பின்னால்தான் வரும் என்பதால் அதுதான் பாதுகாப்பான இடம் என்று நினைத்தேன்.

தோப்பில் அவளோடு ஆட ஆள் இல்லை. அதனால் எனக்கு அழைப்பு வந்தது. அவள் ஓடி வருவாள், நான் அவள் இடுப்பைப் பிடித்து விழவைக்க வேண்டும். "தலைய சைடுல வெச்சுக்கடா. முன்னால நீட்டாத. தோள் மட்டும் படணும், தெரிதா?" என்று மூன்று தடவை காட்டினாள். நான் தலையாட்டினேன். அவள் ஓடி வந்தாள். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகத்தில் இருந்தது ஒன்றுதான்: தலை. அதை முன்னால் நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கிடாக்கன்று மாதிரி ஓடினேன்.

கண்ணைத் திறந்தபோது நான் அவள்மேல் கிடந்தேன். மா வேர் ஒன்று பூமிக்கு மேலே புடைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் என் மண்டைக்கும் நடுவில் அத்தையின் இடது கை இருந்தது. அவள் "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. "எங்கனா அடிபட்டுச்சா?" என்று என்னைத்தான் கேட்டாள். எனக்கு எங்கும் அடிபடவில்லை. இந்திய அணி ஆட்டக்காரியை ஒரே முட்டில் சாய்த்தவன் என்கிற பெருமை மட்டும் பட்டிருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அத்தையின் கையைப் பார்த்தாள். அது ஒரு பக்கம் வீங்கிக்கொண்டிருந்தது. அதோடு என் பெருமை முடிந்தது.

எங்கள் பக்கத்தில் எலும்புக்கு என்ன ஆனாலும் புத்தூர்தான். தாத்தா அன்றைக்கே அழைத்துப்போனார். கட்டுப் போடுகிறவர் அத்தையின் மணிக்கட்டை வருடி, திடீரென்று ஒரு இழுப்பு இழுத்தார். "கதலொத்தம்மா, கதலொத்து" என்று தெலுங்கில் அசையாதே, அசையாதே என்றார். பச்சிலை விழுதும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் சப்பைகளைச் சுற்றிலும் வைத்துத் துணியால் இறுக்கினார். தண்ணீர் படக்கூடாது, அசைக்கக்கூடாது, அடுத்த வாரம் மறுகட்டுக்கு வர வேண்டும். கை எப்போது சரியாகும் என்று அத்தை கேட்டாள். "ஒண்ணர மாசம்" என்றார்.

அத்தையின் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் உடைத்ததற்காக என்னை முறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாத்தாவுக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் நிம்மதி. "கட்டுப் போட்டாச்சு. இனிமே புனேவும் இல்ல, கினேவும் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் கட்டு இரண்டு பக்கமும் வெட்டியது. மாப்பிள்ளை வீட்டு மாமா வந்து உட்கார்ந்ததும் முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

"கை இன்னா ஆச்சு?"

"ஸ்கூட்டில இருந்து வுழுந்துட்டா" என்றாள் அம்மா.

"பாத்ரூம்ல வழுக்கிட்டா" என்றார் தாத்தா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஆட்டத்தில் உடைந்தது என்று சொன்னால் சம்பந்தம் நின்றுவிடும் என்ற பயம் அவர்களுக்கு. மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பாத்ரூம் உள்ளார ஸ்கூட்டி ஓட்டுச்சா பொண்ணு?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பொய் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. எல்லோரும் சேர்ந்து உண்மையான குற்றவாளியைத் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். பயம் தாங்கவில்லை.

"நான்தான் உடைச்சேன்!" என்று கத்தினேன். அழுகையோடு, தோப்பையும் முட்டியதையும் எல்லாம் ஒப்பித்தேன். மாமா எழுந்து வந்து என் புஜத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "இதுவா உடைச்சது?" என்றார். இப்போது எல்லோரும் சிரித்தார்கள், அத்தையைத் தவிர. அவர் நல்ல மனுஷர். சிரித்து முடித்துவிட்டு, "கட்டுக் கையோட தாம்பூலம் மாத்த வேணாம். எங்கூட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. கட்டுப் பிரிஞ்சதும் சொல்லி அனுப்புங்க, வர்றோம்" என்று எழுந்துகொண்டார். அவர் போனதும் தாத்தா என்னை அடிக்கத் துண்டை ஓங்கினார். எதற்கு அடிக்க வேண்டும் என்று அவருக்கும் தெளிவாகத் தெரியாததால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுகட்டு நாள் வந்தது. தாத்தாவுக்குத் தோப்பில் காய் பறிப்பு. பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்று ஆண் துணையாக என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் நான் வழிதவறாமல் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வகையில் நான் அவளுக்குத் துணை. அவள் தோளில் ஒரு பெரிய பை இருந்தது. கட்டுப் போடப் போவதற்கு இவ்வளவு துணிமணி எதற்கு என்று கேட்டேன். "மாத்திக்கறதுக்கு" என்றாள்.

கட்டுப் போடும் இடத்துக்குப் போகாமல் நேராக ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்பாரத்தின் ஓரமாக, யாரும் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கட்டை நீளவாட்டில் வெட்ட ஆரம்பித்தாள். சப்பைகள் வரவில்லை. என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கட்டு கையைவிட்டுக் கழன்று வந்தபோது ஒரு டவலைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். ஸ்டேஷனில் சத்தமாகப் பேசக்கூடாது என்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தப் பச்சிலை நெடிக்கு என் கண்ணும்தான் எரிந்தது. பிறகு பழுப்பு நிறப் பட்டித் துணி ஒன்றை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றினாள். விரல்களை ஒருமுறை மடக்கினாள், விரித்தாள்.

"பாரு, சரியாப் பூடுச்சு."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஒரு வாரமாக நான் கொலைகாரனைப் போலத் திரிந்துகொண்டிருந்தேன். இதோ, எலும்பு கூடிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், அவள் எங்கே போகிறாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ரேணிகுண்டா பக்கம் போகும் வண்டி வந்தது. ஸ்டேஷனில் பால் கேன் இறக்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரரிடம், "அண்ணா, இவன ஊட்ல வுட்டுடு" என்று என்னை ஒப்படைத்தாள். கட்டையும் என் கையில் கொடுத்தாள். "தாத்தாகிட்ட குடு. புனே போய்ட்டேன்னு சொல்லு. பயப்படாத, உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள். வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். பெரிய பையும் வலது தோளிலேயே தொங்கியது. நான் டாட்டா காட்டினேன். அவளும் வலது கையால்தான் காட்டினாள். அதற்காகக் கம்பியை விட வேண்டியிருந்தது.

இப்படியாக, அத்தைக்குத் துணையாகப் போனவன் அத்தையை விட்டுவிட்டுக் கட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

தாத்தா அதைக் கையில் வாங்கினார். வெட்டின இடம் தவிர மற்றபடி அது அத்தையின் கை மாதிரியே இருந்தது, உள்ளே கை மட்டும் இல்லை. தாத்தா அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"உள்ள இன்னும் ஈரமே காயலடா" என்றார்.

"அதான் தாத்தா, புத்தூரு மருந்து! ஈரம் காயறதுக்குள்ளயே எலும்பு கூடிடுச்சு. வெரல மடக்கிக் காட்டுச்சு!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடியும் இல்லை, திட்டும் இல்லை. அன்று மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. நான் ஒருவன்தான் கருவாட்டுக் குழம்பை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டு தின்றேன். இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்தும் வீட்டில் ஏன் சாவு விழுந்த மாதிரி இருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத் தெலுங்குப் பேப்பரின் ஜில்லாப் பக்கத்தில் அத்தையின் படம் வந்தது. நீல ஜெர்சியில், இரண்டு பெண்கள் முதுகில் தொங்க, பப்பாளிப் பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறாள். பல் கடித்த முகம். தாத்தா அதை டீக்கடைக்குக் கொண்டுபோய், "கபடிதான். பந்து மட்டும் எக்ஸ்ட்ரா" என்று எல்லோருக்கும் காட்டினார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், "பாத்தீங்களாடா புத்தூர்க் கட்டோட மகிமைய! ஒரே வாரம்!" என்று காட்டினேன். அன்றிலிருந்து புத்தூர்க் கட்டுக்குச் சம்பளமில்லாத பிரசாரகன் ஆனேன். கால் பிசகினவன், பல் ஆடினவன் எல்லோரையும் புத்தூருக்குப் போகச் சொன்னேன்.

அத்தை அதற்குப் பிறகு பல வருடம் ஆடினாள். பேர்கூடச் சொல்லத் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போனாள். ஒரு மூக்கு, ஒரு முன்பல், கடைசியில் ஒரு முட்டி என்று ஒவ்வொன்றாக அங்கங்கே விட்டுவிட்டு வந்தாள். சத்தியவேட்டு மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். எங்காவது கல்யாணத்தில் பார்த்தால் அத்தையின் மேட்ச் பற்றித்தான் விசாரிப்பார். அத்தையும் தாமதமாக, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு திருப்பதியில் இருக்கிறாள். சாயங்காலத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கிறாள். தாத்தா இப்போது இல்லை.

டாக்டரம்மா சொன்னதை வைத்து இரண்டு நாளில் நான் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன். எலும்பு உடையவே இல்லை! எலும்பும் தோலுமாக இருந்த நான் முட்டி, கபடி ஆடின கை உடையுமா? சத்தியவேட்டுச் சம்பந்தத்தைத் தள்ளிப்போட அத்தை செய்த நாடகம் அது. லேசான வீக்கத்தைப் பெரிதாக்கி, கட்டைப் போட்டுக்கொண்டு, தாம்பூலத்தையும் நிறுத்தி, கேம்ப்புக்கும் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் புத்தூர்க் கட்டைப் பார்த்தால் யாரும் எக்ஸ்ரே கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? என்ன மூளை! அந்த ஒரு வாரம் குற்ற உணர்ச்சியில் வெந்த நான்தான் மடையன். என் புத்திசாலித்தனத்தை எனக்கே தட்டிக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு கைதான் இருந்தது; அந்தக் கையாலேயே தட்டிக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினேன்.

மைதானத்தில் அத்தை விசிலோடு நின்றிருந்தாள். பிள்ளைகள் பந்தைப் பின்னால் தள்ளிப் பின்னால் தள்ளி முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். என் மாவுக்கட்டைப் பார்த்து, "யாருடா முட்டுனாங்க?" என்றாள். நின்ற பைக் என்றேன். சிரித்தாள். நான் குரலைத் தாழ்த்தி, என் கண்டுபிடிப்பை ஆதாரங்களோடு எடுத்துவைத்தேன். "சும்மா சொல்லு அத்தே. நடிப்புதான? உடையவே இல்லதான?"

அவள் அங்கே இருந்த சுவரில் வலது உள்ளங்கையைப் பதித்து ஊன்றினாள். கை மணிக்கட்டில் மடங்கி, சுவரோடு தட்டையாக ஒட்டியது. பிறகு இடது கையை வைத்தாள். விரல் நுனிகள்தான் சுவரைத் தொட்டன. உள்ளங்கைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மண்டை போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. இன்னும் அழுத்தினாள். மணிக்கட்டு அதற்குமேல் மடங்கவில்லை.

நான் என் மாவுக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அப்படின்னா உடைஞ்ச கையோடவா போயி ஆடுன? ஒரு வாரத்துல? எப்படி அத்தே ஆடுன?"

அத்தை சுவரிலிருந்து கையை எடுத்து, ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே சொன்னாள்:

"பந்து வந்துச்சு, புடிச்சேன்."